பதினாலாம் புள்ளிக்குப் பிறகு

அப்பாவின் ஹெல்மெட் மாரிவிக்கின் தலையில் இருந்தது.

நெரிசா அதைத்தான் முதலில் பார்த்தாள். குகை வாசல், வாசலுக்கு மேலே தொங்கிய ஆலமர வேர், பக்கத்தில் கால் நட்டுத் தயாராக நின்ற காலிப் பலகை எல்லாம் அதற்குப் பிறகுதான் கண்ணில் பட்டன. மஞ்சள் ஹெல்மெட். இடப்பக்கம் ஒரு நீளக் கீறல். பின்னால் கறுப்பு மையில் 'லியோன்' என்று அவர் கையெழுத்து. அவர் செத்து முப்பத்தெட்டு நாள் ஆகியிருந்தது.

"வந்துட்டியா எஞ்சினியர்? படகுல வாந்தி எடுத்தியா?" என்றாள் மாரிவிக்.

"இல்லை."

"சின்ன வயசுல எடுப்பே. டுமகெத்தேக்குக் கணக்குப் போட்டிக்குப் போனப்ப என் பாவாடை மேலேயே எடுத்தே."

அந்தப் போட்டியில் நெரிசாவுக்கு முதல் பரிசு. மாரிவிக்குக்கு ஒன்றும் இல்லை. அதை மாரிவிக் சொல்லவில்லை. நெரிசாவும் சொல்லவில்லை.

சிக்கிஹோர் தீவுக்கு வருகிறவர்கள் அருவிக்குப் போவார்கள், கடற்கரைக்குப் போவார்கள், மந்திரிக்கிற வைத்தியரிடம் கை நீட்டிவிட்டுச் சிரித்துக்கொண்டே திரும்புவார்கள். குகை பார்க்க வேண்டும் என்பவர்களையும் டிரைசிக்கிள்காரர்கள் சாலையோரத்தில் இருக்கிற பெரிய குகைக்குத்தான் கொண்டுபோவார்கள். கபோக் குகைக்கு வழி கேட்டு வருகிறவர்கள் நாளுக்கு நாலு பேர் இருந்தால் அதிகம். மலைமேல் அரை மணி நடக்க வேண்டும். முழங்கால் தண்ணீரில் இறங்க வேண்டும். இரண்டு இடத்தில் தவழ வேண்டும். வௌவால் நாற்றம் வேறு. அந்தக் குகையைத்தான் லியோன் பதினாறு வருஷம் காட்டிக்கொண்டிருந்தார்.

இப்போது அதற்கு ஒரு பலகை வைக்கப்போகிறார்கள். குகையின் வரைபடம் பெரிதாக, வர்ணத்தில். நாற்பதாம் நாள் பிரார்த்தனை முடிந்த கையோடு திறப்பு என்று ஊர்த்தலைவர் சத்துர்நீனோ முடிவு செய்திருந்தார். மாகாண அலுவலகம் கேட்டது ஒன்றுதான்: உரிமம் உள்ள ஒரு நில அளவை எஞ்சினியர் படத்தைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். ஊரில் பிறந்த ஒரே அளவையாளர் செபு நகரத்தில் பதினாலு வருஷமாக மற்றவர்கள் நிலத்தை அளந்துகொண்டிருக்கும் நெரிசா. செத்தவரின் ஒரே மகள். சத்துர்நீனோவுக்கு வேலை சுலபமாக முடிந்தது. படத்தைப் போனில் அனுப்பி, சும்மா ஒரு பார்வை பார்த்துக் கையெழுத்துப் போட்டால் போதும் என்றார்.

படத்தின் கீழே இரண்டு பெயர் இருந்தன. முதலாவது அப்பாவின் முழுப்பெயர். அளந்து வரைந்தவர்கள்: பந்தாலியோன் பக்லினாவன், மாரிவிக் சுமல்போங்.

நெரிசா அந்த இரண்டாவது பெயரை விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். மறுபடி பெரிதாக்கினாள். சும்மா ஒரு பார்வை போதாது, நேரில் வந்து அளந்துதான் கையெழுத்துப் போடுவேன் என்று பதில் அனுப்பினாள். அவள் மனசில் இருந்தது இதுதான். படத்தில் தப்பு இருக்க வேண்டும். கயிற்றையும் பள்ளிக்கூடக் காம்பஸையும் வைத்து வரைந்த படத்தில் தப்பு இல்லாமல் இருக்காது. அதைக் காட்டிவிட்டுத் தானே முதலிலிருந்து அளக்க வேண்டும். கீழே இரண்டே பெயர் வரும். அப்பா பெயர், தன் பெயர்.

ஏனென்றால் அந்தப் படத்தை அப்பா முதலில் கேட்டது அவளிடம்தான். அவள் உரிமத் தேர்வில் தேறிய வருஷம் கேட்டார். "அந்த அளக்கிற மெஷினை ஒருதரம் எடுத்துட்டு வாம்மா. உள்ளே எவ்வளவு தூரம்னு யாருக்கும் தெரியலை. மழை வந்தா எந்த இடத்துல திரும்பணும்னு ஒரு கணக்கு வேணும்." அடுத்த கிறிஸ்துமஸுக்குப் பார்ப்போம்ப்பா என்றாள். பதினொரு கிறிஸ்துமஸ் போயிற்று. வரும்போதெல்லாம் ஏதாவது கொண்டுவந்தாள். சாய்வு நாற்காலி, போன், ரத்த அழுத்தம் பார்க்கிற கருவி. மெஷினை மட்டும் கொண்டுவரவில்லை. பன்னிரண்டாவது வருஷம் அவர் கேட்பதை நிறுத்திவிட்டார். நிறுத்தியதை அவள் கவனிக்கவில்லை.

இன்றைக்குக் கொண்டுவந்திருந்தாள். கைக்கு அடக்கமான லேசர் அளவி, காந்த ஊசி, சாய்வுமானி, தண்ணீர் புகாத நோட்டு.

தனியாக உள்ளே போகக்கூடாது என்பது வழிகாட்டிகள் சங்கத்தின் விதி. அதனால், இரண்டு வருஷமாக அப்பாவோடு வழிகாட்டிக்கொண்டிருந்த மாரிவிக் கூட வந்தாள். வேறு யாராவது வரட்டும் என்று நெரிசா சொல்லிப் பார்த்தாள். மற்றவர்களுக்குப் பதினொன்றாம் புள்ளிக்கு மேல் வழி சரியாகத் தெரியாது என்றார் சத்துர்நீனோ. "லியோன் அண்ணனுக்குத் தெரியும், இவளுக்குத் தெரியும். அவ்வளவுதான்."

அவ்வளவுதான்.

வாசலில் மாரிவிக் ஒரு பாட்டிலைத் திறந்து, மரப்பட்டை போட்டுச் சிவந்த கள்ளைக் கொஞ்சம் கல்மேல் ஊற்றினாள். கண்ணுக்குத் தெரியாதவர்களிடம், வந்துட்டோம், கொஞ்சம் வழிவிடுங்க என்றாள். அப்பா சொல்கிற அதே ராகம். கடைசிச் சொல்லில் அதே இழுப்பு. பிறகு இன்னொரு வாய் ஊற்றி, "இது உங்களுக்கு" என்றாள்.

"யாருக்கு?" என்றாள் நெரிசா.

"அவருக்குத்தான். நாற்பது நாள் முடியிற வரைக்கும் இங்கதானே இருப்பாரு."

"வீட்டுலதான் இருப்பாரு. தினம் தட்டு வைக்கிறோம். சித்தி வைக்கிறா."

"தட்டு வைங்க. சாப்பிட வருவாரா இருக்கும். தங்குறது இங்கதான்."

"செத்தவங்க வீட்டைச் சுத்திதான்டி இருப்பாங்க."

"வீட்டுல என்ன இருக்கு? ஒரு நாற்காலி இருக்கு."

அந்த நாற்காலி நெரிசா வாங்கிக் கொடுத்தது. அவள் தலைவிளக்கைப் போட்டுக்கொண்டாள். தன் அப்பா எங்கே தங்கியிருக்கிறார் என்று அவளுக்கே வேறொருத்தி சொல்கிறாள்.

லியோன் வழிகாட்டியாவதற்கு முன்னால் கள் இறக்கிக்கொண்டிருந்தார். முப்பத்தெட்டு மரம், காலையும் மாலையும். ஆள் குள்ளம், ஐந்தடி ஐந்தங்குலம். கை மட்டும் யாரோ பெரிய ஆளிடமிருந்து இரவல் வாங்கி வந்தது மாதிரி இருக்கும். இரண்டு கையையும் அகல விரித்தால் விரல் நுனிக்கு விரல் நுனி கிட்டத்தட்ட ஆறடி. தீவில் கயிறு விற்பதும் வாங்குவதும் பாகக் கணக்கில்தான். இரண்டு கையையும் விரித்துக் கயிற்றை இழுத்துப் பிடித்தால் ஒரு பாகம். அதனால் மீன்பிடிக்கிறவர்களும் எருமை வைத்திருப்பவர்களும் கயிறு வாங்கப் போகும்போது லியோனையும் கூட்டிக்கொண்டு போவார்கள். வாங்குகிறவர் பக்கத்து ஆள் அளக்கலாம் என்பது வழக்கம். கடைக்காரர் அவரைத் தெருக்கோடியில் பார்த்ததுமே, இந்த ஆளை உள்ளே விடுங்க, கையை மட்டும் வெளியிலே கழற்றி வைக்கச் சொல்லுங்க என்பாராம்.

நாற்பத்தாறு வயதில் மரத்திலிருந்து விழுந்தார். இடுப்பு போயிற்று. ஏறக்கூடாது என்றார்கள். ஆறு மாதம் படுத்திருந்துவிட்டு எழுந்து, மேலே போகக்கூடாது என்றால் கீழே போகிறேன் என்று குகைக்குள் இறங்கினார். அது அவராகச் சொன்ன நகைச்சுவை. வருகிறவர்களிடமெல்லாம் பதினாறு வருஷம் அதைச் சொன்னார். நெரிசா கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த காலம் அது. அம்மா இருந்தவரை அவளை உள்ளே அழைத்துப்போக விடமாட்டாள். ஒருதரம் மட்டும் வௌவால் அறை வரைக்கும் போயிருக்கிறாள். அது மூன்றாம் புள்ளி.

முதல் புள்ளியிலேயே நெரிசா நின்றுவிட்டாள். பாறையில் கடுகளவு சிவப்பு. "என்ன இது?"

"நகப்பாலிஷ்."

"நகப்பாலிஷா?"

"பெயிண்ட் இங்க காயாதுடி. மூணுதரம் வச்சுப் பார்த்தோம், வழிஞ்சு போச்சு. அப்புறம் என் பையில இருந்ததை எடுத்தாரு. நல்லாப் பிடிச்சுது. உங்கப்பா கடைக்குப் போய் நகப்பாலிஷ் கேட்டாரு தெரியுமா? கடைக்காரி, யாருக்கு அண்ணேன்னு கேட்டிருக்கா. ஒரு பாறைக்குன்னு சொல்லிருக்காரு."

சிரிப்பு வந்திருக்க வேண்டும். நெரிசாவுக்கு வரவில்லை. அப்பாவிடம் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போனில் பேசினாள். சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, மழையா. அவர் நகப்பாலிஷ் வாங்கிய கதையை அவளுக்குச் சொன்னதில்லை.

அளக்க ஆரம்பித்தாள். படத்தில் தூரம் எல்லாம் பாகக் கணக்கில் எழுதியிருந்தது. ஒன்றிலிருந்து இரண்டு, ஆறு பாகம். லேசர் காட்டியது 10.74 மீட்டர். இரண்டிலிருந்து மூன்று, நாலரை பாகம். 8.05. மூன்றிலிருந்து நாலு, பதினொன்று. 19.70.

நோட்டில் வகுத்துப் பார்த்தாள். 1.79. மறுபடி 1.79. மறுபடியும் அதுவே.

ஐந்து, ஆறு, ஏழு. எங்கே வகுத்தாலும் ஒன்று புள்ளி ஏழு ஒன்பது, ஓரிரு சென்டிமீட்டர் முன்னே பின்னே. ஈரக் கயிறு, வழுக்குப் பாறை, இடுப்பு ஒடிந்த ஒரு ஆள். இவ்வளவு சரியாக வரக்கூடாது. அவள் அலுவலகத்தில் இரண்டு வருஷம் படித்துவிட்டு வருகிற உதவியாளர்கள் டேப்பை வைத்துக்கொண்டு இதைவிட மோசமாக அளப்பார்கள்.

எட்டாம் புள்ளியில் கருவியைக் கீழே இறக்கிவிட்டுச் சும்மா நின்றாள். அந்த எண் என்னவென்று அப்போதுதான் உறைத்தது. அது அப்பாவின் கை. விரல் நுனியிலிருந்து விரல் நுனி. அவரைப் புதைத்தாயிற்று. அளவு மட்டும் இங்கே ஒவ்வொரு பாறைக்கும் நடுவில் விறைப்பாக நின்றுகொண்டிருக்கிறது.

"என்ன, தப்பா இருக்கா?" என்றாள் மாரிவிக்.

"இல்லை."

"முகம் தப்பு கண்டுபிடிச்ச மாதிரி இருக்கு."

"இன்னும் கண்டுபிடிக்கலை. நட."

ஒன்பதாம் புள்ளிக்குப் பக்கத்தில் சுவரிலிருந்து ஒரு பாறை உருண்டையாகப் பிதுங்கிக்கொண்டிருந்தது. நடுவில் தொப்புள் மாதிரி ஒரு குழி. அதைத் தட்டிவிட்டுத்தான் போகணும் என்றாள் மாரிவிக். அதன் பெயர் சத்துர்நீனோவின் தொப்பையாம். லியோன் வைத்த பெயர். ஊர்த்தலைவரே ஒருதரம் வந்து, தெரியாமல் தட்டிவிட்டுப் போயிருக்கிறார். மேலே நீளமாகத் தொங்கிய மூன்று கல் விழுதுகளுக்குச் சங்கக் கூட்டம் என்று பெயர். மூணு பேர் இருப்பாங்க, ஒரு முடிவும் எடுக்க மாட்டாங்க என்பாராம். ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு கதை இருந்தது. மாரிவிக் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனாள். அவர் எங்கே நிறுத்துவாரோ அங்கே நிறுத்தினாள். எங்கே விளக்கை அணைத்துப் போடுவாரோ அங்கே அணைத்துப் போட்டாள். நெரிசா கேட்டுக்கொண்டே பின்னால் போனாள். தன் வீட்டுப் பெட்டியை இன்னொருத்தி திறந்து ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுவது மாதிரி இருந்தது.

பதினொன்றாம் புள்ளியில் தவழ வேண்டியிருந்தது. மாரிவிக் முன்னால் போய், அந்தப் பக்கமிருந்து குரல் கொடுத்தாள். "வலது தோளை முதல்ல விடு. அப்பா அப்படித்தான் வருவாரு."

நெரிசா பாதி நுழைந்தபடி அப்படியே நின்றாள். "யாரு அப்பா?"

அந்தப் பக்கம் மாரிவிக்கின் விளக்கு அசைந்தது.

"உனக்குன்னு ஒரு அப்பா இல்லையாடி?"

சொன்ன பிறகுதான் அது அவளுக்கே கேட்டது. பாறைச் சந்தில் சொன்ன சொல் அங்கேயே நிற்கும், எங்கேயும் போகாது.

"இருந்தாரு," என்றது மாரிவிக்கின் குரல். "கப்பல்ல போனாரு. ஏதோ ஒரு துறைமுகத்துல இன்னும் இருப்பாரு. நீ தோளை விடு, சிக்கிக்காதே."

அதற்குப் பிறகு பன்னிரண்டு, பதின்மூன்று, பதினாலு வரை நெரிசா எண்ணை மட்டும் எழுதிக்கொண்டே போனாள். 1.79. 1.80. 1.79. நெரிசாவுக்கு நம்பிக்கை போய்க்கொண்டிருந்தது. பதினாலாம் புள்ளி ஒரு சின்ன அறை. உட்காருகிற உயரத்தில் ஒரு தட்டைக் கல், கீழே கணுக்கால் ஆழத்துக்கு ஓடும் தண்ணீர். அங்கிருந்து பதினைந்து, படத்தில் ஒன்பது பாகம்.

லேசர் காட்டியது 13.86.

அவள் கருவியைத் துடைத்துவிட்டு மறுபடி அடித்தாள். 13.86. வகுத்தாள். 1.54.

பதினைந்திலிருந்து பதினாறு, ஐந்து பாகம். 7.71. பதினாறிலிருந்து பதினேழு, பன்னிரண்டு பாகம். 18.47. எல்லாம் 1.54. படத்தின்படி பதினாலிலிருந்து கடைசிப் புள்ளியான இருபத்துமூன்று வரை எண்பது பாகம். நின்ற இடத்திலேயே கணக்குப் போட்டாள். இருபது மீட்டர் குகை, இல்லாத இடத்தில் வரைந்திருக்கிறது.

தப்பு. நூற்றுக்குப் பதினாலு தப்பு. மாகாண அலுவலகத்தில் எவனும் இதற்குக் கையெழுத்துப் போடமாட்டான். அவள் தேடி வந்தது கையில் இருந்தது.

"இங்க வா," என்றாள். "கையை விரி."

"எதுக்கு?"

"விரிடி."

மாரிவிக் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு இரண்டு கையையும் விரித்தாள். நெரிசா இரண்டு பக்கமும் பென்சிலால் கோடு போட்டு அளந்தாள். 1.54.

"பதினாலு வரைக்கும் அப்பா அளந்திருக்காரு. அதுக்கப்புறம் நீ அளந்திருக்கே. ரெண்டையும் ஒரே பாகம்னு எழுதியிருக்கே. ஒரு படத்துல ரெண்டு அளவு வைக்கலாமா? பள்ளிக்கூடத்துல படிச்சதுதானே?" குரலில் சந்தோஷம் தெரியாமல் இருக்கப் பார்த்தாள். தெரிந்தது.

மாரிவிக் விரித்த கையை உடனே இறக்கவில்லை. பிறகு இறக்கிவிட்டுப் பதினாலாம் புள்ளிக்குத் திரும்பி நடந்தாள். தட்டைக் கல்லில் உட்காராமல் அதன் பக்கத்தில் நின்றாள். நெரிசா பின்னால் வந்தாள்.

"போன வருஷம் புனித வாரம் முடிஞ்ச திங்கட்கிழமை," என்றாள். "கயிறை அங்க கட்டிட்டு வந்து அளக்க ஆரம்பிச்சாரு. இடது கை விரிஞ்சுது. வலது கை நெஞ்சு வரைக்கும் வந்துச்சு, அதுக்கு மேல வரலை. கயிறு கீழ விழுந்துச்சு. கயிறு நீளமாயிடுச்சுடின்னு சிரிச்சாரு. மறுபடி எடுத்தாரு. மறுபடி விழுந்துச்சு. அப்புறம் இந்தக் கல்லுல உட்கார்ந்தாரு. நீ அளந்துடு, நான் எண்ணுறேன்னாரு."

நெரிசாவின் மனசு தானாகக் கணக்குப் போட்டது. புனித வாரம் ஏப்ரலில். டிசம்பரில்தான் அவரைச் செபுவுக்கு அழைத்துக்கொண்டு போனாள். எவ்வளவு நாளாக் கை வலிக்குது என்று டாக்டர் கேட்டார். போன மாசம்தான் என்றார் அப்பா. நுரையீரலின் மேல்நுனியில் கட்டி, ஒரு வருஷமாவது ஆகியிருக்கும் என்றார் டாக்டர். அவள் டாக்டரை நம்பவில்லை, அப்பாவை நம்பினாள். எட்டு மாதம். முப்பத்தைந்து ஞாயிற்றுக்கிழமை. போனை எந்தக் கையில் பிடித்திருந்தார் என்று நினைத்துப் பார்த்தாள். நினைவு வரவில்லை.

"உனக்குத் தெரிஞ்சிருக்கு," என்றாள்.

"பழைய அடின்னாரு. மரத்துல இருந்து விழுந்தது இப்ப வலிக்குதுன்னாரு. நானும் எண்ணெய் தேய்ச்சு விட்டேன். அப்புறம் தெரிஞ்சுது, அடி இல்லைன்னு. சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு."

எண்ணெயும் இவள்தான் தேய்த்திருக்கிறாள்.

"அளவு மாறினதை ஏன் எழுதலை?"

"கேட்டேன்டி. என் கை சின்னது, ஓரத்துல எழுதிடட்டுமான்னு கேட்டேன். வேண்டாம்னாரு. எழுதினா ஏன் மாறுச்சுன்னு ஊரே கேக்கும்னாரு. லியோனுக்குக் கை எட்டலைன்னு கடைக்காரன் வரைக்கும் போகும்னாரு." மாரிவிக் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். அவள் விளக்கு இப்போது தண்ணீரைக் காட்டியது. "அப்புறம் இன்னொண்ணு சொன்னாரு."

"என்ன?"

"எஞ்சினியர் வந்து அளந்தா அவளே கண்டுபிடிச்சிடுவான்னாரு."

தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது.

"எப்போ சொன்னாரு?"

"அன்னைக்கேதான்."

"முப்பத்தெட்டு நாளா ஏன் எங்கிட்ட சொல்லலை? அடக்கத்துக்கு வந்தேன். அதுக்கப்புறம் ஒன்பது நாள் பிரார்த்தனையிலயும் பக்கத்துலயே உட்கார்ந்திருந்தே. ஒரு வார்த்தை சொல்லலை."

"சொல்லியிருந்தா இதுவும் உனக்குப் போயிருக்கும்." மாரிவிக் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. "உனக்கு அவரு போட்டோ இருக்கு, பேரு இருக்கு, வீடு இருக்கு. ரெண்டு வருஷம் இந்த இருட்டுல என்கூட நடந்தாரு. வாயைத் திறந்தா நெரிசா அங்க அளக்குறா, நெரிசா இங்க அளக்குறா. கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளிச்சுப் போச்சு. கயிறைப் பிடிச்சது நானு. இந்த ஒரு வார்த்தையை நான் வச்சுக்கிறேனேன்னு வச்சிருந்தேன்."

நெரிசா தட்டைக் கல்லில் உட்கார்ந்தாள். அப்பா உட்கார்ந்த இடம். அவர் சொன்னது எதிர்பார்ப்பா, பயமா? அவள் வர வேண்டும் என்று சொன்னாரா, வந்தால் மாட்டிக்கொள்வேன் என்று சொன்னாரா? மாரிவிக்கிடம் கேட்டாள். எனக்கும் தெரியலைடி, சிரிச்சுக்கிட்டுத்தான் சொன்னாரு என்றாள் மாரிவிக். அவர் எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டுதான் சொல்வார். அதை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது.

நெரிசா அழுதாள். மாரிவிக் தன் விளக்கை அணைத்தாள். அதுவும் அவரிடம் கற்றதாகத்தான் இருக்க வேண்டும். அந்த நேரத்திலும் நெரிசாவுக்கு அது தோன்றியது.

பிறகு எழுந்து மீதியை அளந்தார்கள். இருபத்துமூன்று வரை ஒரு புள்ளி விடாமல். எல்லாம் 1.54. கடைசிப் புள்ளியில் மாரிவிக், நான் நல்லா அளந்திருக்கேனா என்று கேட்டாள். நல்லாத்தான் அளந்திருக்கே என்றாள் நெரிசா. அதைச் சொல்வதற்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

மறுநாள் சத்துர்நீனோ வீட்டு மேசையில் நெரிசா படத்தை விரித்தாள். அழித்துவிட்டுப் புதிதாக வரைய ஒரு நாள் போதும். கருவியில் எல்லா எண்ணும் இருந்தது. மீட்டர் கணக்கில், திசையோடு, சரிவோடு, அலுவலகம் விரும்புகிற மாதிரி. கீழே இரண்டே பெயர். பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். சத்துர்நீனோ இரண்டு தரம் காப்பி கொண்டுவந்தார். என்னம்மா தப்பு ஏதாவது இருக்கா என்று இரண்டு தரமும் கேட்டார்.

கடைசியில் அவள் படத்தில் ஒரு கோட்டையும் தொடவில்லை. பெயர்களையும் தொடவில்லை. வலது மூலையில், அளவு குறிக்கிற இடத்தில், இரண்டு வரி எழுதினாள்.

புள்ளி 1 முதல் 14 வரை: ஒரு பாகம் = 1.79 மீ. லியோனின் கை.
புள்ளி 14 முதல் 23 வரை: ஒரு பாகம் = 1.54 மீ. மாரிவிக்கின் கை.

"ஒரு படத்துக்கு ரெண்டு அளவாம்மா?" என்றார் சத்துர்நீனோ. "அலுவலகத்துல ஒத்துக்குவாங்களா? பதினாலுல ஏன் மாறுதுன்னு கேட்டா?"

"கை வலிச்சுதுன்னு சொல்லுங்க, அண்ணே."

"அது ஊருக்கே தெரிஞ்சுடுமே. அண்ணன் சொன்னதே இல்லையே."

"தெரியட்டும். இப்படிப் போட்டாதான் அளவு சரியா வரும்." கையெழுத்துப் போட்டாள்.

அப்பா மறைத்து வைத்ததை அவள்தான் பலகையில் எழுதினாள். அவர் கை விழுந்த இடமும், அதை வாங்கிக்கொண்ட கையும் இனி வருகிற நாலு பேருக்கும் தினமும் தெரியும். எழுதும்போது அது சரி என்று தோன்றியது. வீட்டுக்கு நடக்கும்போது பாதி வழியில் திரும்பிப் போய் அழித்துவிடலாமா என்றும் தோன்றியது.

நாற்பதாம் நாள் பிரார்த்தனை முடிந்து, பன்றிக்கறியும் ஒட்டரிசிப் பலகாரமும் தின்றுவிட்டு, ஊர் மலையேறி வந்தது. இரவோடு இரவாக அச்சடித்து ஒட்டிய பலகையின் துணியைச் சத்துர்நீனோ இழுத்தார். பாதிரியார் தண்ணீர் தெளித்தார். கொஞ்ச நேரத்தில் யாரோ ஒருவர் பலகையில் இருந்த எண்ணைப் பார்த்துவிட்டு, தன் பாகம் எவ்வளவு என்று அளக்கச் சொல்லிக் கையை விரித்துக்கொண்டு வந்து நின்றார். அப்புறம் ஒரு வரிசையே நின்றது. கயிற்றுக்கடைக்காரரும் நின்றார். நெரிசா லேசரால் ஒவ்வொருவராக அளந்து சொன்னாள். 1.62. 1.70. 1.66. ஒருவரும் 1.79 பக்கத்தில் வரவில்லை. கடைக்காரர் 1.60. நாற்பது வருஷமா இதைச் சொல்லித்தானே அழறேன் என்றார் அவர். எல்லாரும் சிரித்தார்கள்.

"உன்னோடது?" என்று யாரோ கேட்டார்கள். நெரிசா பேட்டரி முடிந்துவிட்டது என்றாள்.

கூட்டம் இறங்கிய பிறகு மாரிவிக் பலகைக்கு முன்னால் இடுப்பில் கைவைத்து நின்றாள். ஹெல்மெட் இன்னும் அவள் தலையில்தான் இருந்தது. அதைக் கேட்க வேண்டும் என்று நெரிசா காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தாள்.

"பார்த்தியா," என்றாள் மாரிவிக். கீழ் ஓரத்தில் பொடி எழுத்தில் சரிபார்த்தவர் என்று போட்டு, உரிம எண்ணுக்கு மேலே நெரிசாவின் பெயர் இருந்தது. "உன் பேருக்கு முன்னாடி எஞ்சினியர்னு போட்டிருக்காங்க. எங்களுக்கு வெறும் பேருதான்."

"உன் கையையே மேல எழுதி வச்சிருக்கு. போதாதா?"

"சின்னக் கைன்னு எழுதியிருக்கு."

"ஒன்பது புள்ளிடி."

மாரிவிக் யோசித்தாள். "மாத்திக்கலாமா? நீ ஒன்பது புள்ளியை எடுத்துக்கோ. அந்த எஞ்சினியரை எனக்குக் குடு."

"மாத்திக்க முடிஞ்சா எப்பவோ மாத்தியிருப்பேன்," என்றாள் நெரிசா.

கீழே டிரைசிக்கிள் ஹாரன் அடித்தது. மதியப் படகுக்கு நேரமாகிவிட்டது. மாரிவிக் ஹெல்மெட்டின் வாரைத் தளர்த்திக் கழற்றி, உள்பக்கம் வியர்வையைத் துடைத்து நீட்டினாள். நெரிசா அதை வாங்கினாள். பின்னால் இருந்த கையெழுத்தைப் பார்த்தாள்.

"நாளைக்கு யாராவது வர்றாங்களா?"

"ரெண்டு பேர். மணிலாக்காரங்க."

"தலையில என்ன போட்டுக்குவே?"

"ஏதாவது."

நெரிசா ஹெல்மெட்டைத் திருப்பிக் கொடுத்தாள். கொடுத்த கை உடனே விடவில்லை. மாரிவிக் இழுக்கவும் இல்லை. ஹாரன் மறுபடி அடித்த பிறகுதான் நெரிசா விட்டாள்.